பேருந்தில் சென்று ஏறக்கூடிய மலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசுப் பேருந்திலேயே சென்று மலையேறித் திரும்பும் சிறு குழு ஒன்றில் நான் பல ஆண்டுகளாக நடந்துவருகிறேன். புதிதாகச் சேர்பவர்களும், கேள்விப்பட்டு அழைப்பவர்களும் ஏறக்குறைய ஒரே ஐயங்களையே கேட்பதால், அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். கட்டணங்களும் வண்டி நேரங்களும் அடிக்கடி மாறுபவை என்பதால் அவற்றை இங்கே தரவில்லை; எங்கே, யாரிடம் விசாரிக்க வேண்டும் என்பதைச் சொல்லியிருக்கிறேன்.

கார், பைக் இல்லாமல் பஸ்ஸிலேயே போய் ஏறக்கூடிய மலைகள் உண்மையிலேயே இருக்கின்றனவா?

நிறைய இருக்கின்றன. நம் மலைகளில் பெரும்பாலானவற்றில் ஊர்களோ கோயில்களோ இருப்பதால், அடிவாரம் வரையிலோ மலைமேல் உள்ள ஊர் வரையிலோ அரசுப் பேருந்து சென்றுகொண்டுதான் இருக்கிறது. கோவையிலிருந்து வெள்ளியங்கிரி அடிவாரமான பூண்டிக்கும், நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்கும், திருப்பத்தூரிலிருந்து ஏலகிரிக்கும், திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கும், சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கும், போடியிலிருந்து குரங்கணிக்கும் பேருந்துகள் உண்டு. பர்வதமலைக்குத் திருவண்ணாமலை அல்லது போளூர் வழியாகவும், சதுரகிரிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வழியாகவும் செல்லலாம். கொடைக்கானலையும் நீலகிரியையும் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். ஏற்காடு, கொடைக்கானல், நீலகிரி போன்ற சுற்றுலாத் தலங்களை விட்டுவிட்டால், இந்த வண்டிகள் மலைவாழ் மக்கள் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் சென்றுவர விடப்பட்டவை. காலையில் இறங்கி மாலையில் ஏறுவது அவர்களுடைய தேவை. காலையில் ஏறி மாலையில் இறங்குவது நம்முடைய தேவை. இந்த முரணைப் புரிந்துகொண்டு திட்டமிட்டால் பேருந்துப் பயணத்தின் சிக்கல்களில் பாதி தீர்ந்துவிடும்.

முதல் தடவை ஏறப்போகிறேன். எந்த மலையில் தொடங்கலாம்?

சிறுமலையையும் ஏலகிரியையும்தான் நான் முதலில் சொல்வேன். திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சென்றால் சிறுமலை வந்துவிடும். அங்கே அகஸ்தியர்புரத்தை ஒட்டியிருக்கும் வெள்ளிமலையின் உச்சியில் சிவன் கோயில் இருக்கிறது. ஏற்றம் குறைவு, பாதை தெளிவானது. மலைப்பாதையில் மூச்சு எப்படி வாங்கும், இறங்கும்போது முழங்கால் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அறிந்துகொள்ள இது போதுமானது. எல்லா வண்டிகளும் ஒரே இடத்தில் முடிவதில்லை என்பதால், அகஸ்தியர்புரம் செல்லுமா என்று கேட்டு ஏறுங்கள்.

ஏலகிரிக்கு ரயிலில் ஜோலார்பேட்டை சென்று இறங்குவது சென்னையிலிருந்து வருபவர்களுக்கு எளிது. மலைமேல் உள்ள அத்தனாவூருக்குச் செல்லும் பேருந்து 14 வளைவுகளில் ஏறும். வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். மலையின் மிக உயர்ந்த முகடான சுவாமிமலைக்கு மங்கலம் கிராமத்திலிருந்து காட்டுப் பாதை தொடங்குகிறது. இதற்கு முன்பதிவு தேவை. அதைக் கீழே விளக்கியிருக்கிறேன்.

பஸ் நேரத்தை எங்கே சரியாகத் தெரிந்துகொள்வது? இணையத்தில் இருப்பது எதுவும் பொருந்தவில்லையே?

பொருந்தாதுதான். மலை வண்டிகளின் நேரம் கால அட்டவணையைவிட மனிதர்களிடமே சரியாகக் கிடைக்கும். புறப்படும் பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளர் அறை ஒன்று இருக்கும். முந்தைய நாள் மாலையே அங்கே சென்று, முதல் வண்டி எத்தனை மணிக்கு, கடைசி வண்டி மேலிருந்து எத்தனை மணிக்கு இறங்கும், ஞாயிற்றுக்கிழமை அந்த டிரிப் உண்டா என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுவிடுங்கள். பள்ளி விடுமுறை நாட்களில் சில டிரிப்புகள் குறைக்கப்படுவதால் மூன்றாவது கேள்வி முக்கியமானது.

மேலே சென்று இறங்கியதும் அதே கேள்வியை நடத்துநரிடமும், வண்டி நிற்குமிடத்தில் இருக்கும் தேநீர்க் கடையிலும் மீண்டும் கேளுங்கள். இரண்டு விடைகளும் ஒத்துப்போனால் நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் முந்திய நேரத்தையே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

'நைட் ஹால்ட் வண்டி' என்கிறார்களே, அது என்ன?

மாலையில் மலைக் கிராமத்துக்கு வந்து, இரவு அங்கேயே நின்று, விடியற்காலையில் கீழே புறப்படும் வண்டியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஓட்டுநரும் நடத்துநரும் ஊரிலேயே படுத்துக்கொள்வார்கள். மேலே ஓர் இரவு தங்குபவர்களுக்கு இதுவே மிக உறுதியான வண்டி. வேறு எந்த டிரிப் நின்றாலும், மேலே நிற்கும் வண்டி காலையில் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

இந்த வண்டி புறப்படும் நேரத்தைப் பார்த்தால், அது யாருக்கானது என்பது விளங்கும். இருள் பிரியும் முன்பே என்ஜினை ஓடவிடுவார்கள். வாழைத்தார்களும் பலாப்பழங்களும் மிளகு மூட்டைகளும் பின்படி வழியாக ஏறும். சீருடைப் பிள்ளைகள் ஈரத் தலையோடு ஓடிவருவார்கள். பெரிய பைகளோடு முன்கூட்டியே ஏறி இருக்கைகளை நிரப்பிக்கொள்ளாமல், ஊர்க்காரர்கள் ஏறிய பிறகு ஏறும் பழக்கத்தை எங்கள் குழுவில் கட்டாயமாக வைத்திருக்கிறோம்.

கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் என்ன செய்வது?

தவறவிடாதபடி திட்டமிடுவதுதான் முதல் விடை. கணக்கைக் கடைசி வண்டியிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். மாலை ஐந்து மணிக்குக் கடைசி வண்டி என்றால், நான்கு மணிக்கு நிறுத்தத்தில் இருக்க வேண்டும். இறங்குவதற்கு மூன்று மணி நேரம் ஆகுமென்றால், ஒரு மணிக்குத் திரும்பியாக வேண்டும். அந்த நேரத்தில் உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்பத்தான் வேண்டும். ஏறுவதைவிட இறங்குவது விரைவாக நடந்துவிடும் என்று எண்ணுபவர்கள் பலர். கரடுமுரடான கல்படிகளில், களைத்த கால்களோடு, அது உண்மையாவதில்லை.

அப்படியும் வண்டி போய்விட்டால், ஊருக்குள் சென்று ஆட்டோவோ சரக்கு வண்டியோ கிடைக்குமா என்று விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் அங்கேயே தங்குங்கள். இருட்டிய பிறகு மலைச்சாலையில் கீழ்நோக்கி நடந்துவிடலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். யானையும் காட்டெருமையும் சாலையைக் கடக்கும் நேரம் அது. வளைவில் திரும்பும் லாரி ஓட்டுநருக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள்.

காட்டுப் பாதையில் நடக்க அனுமதி வேண்டுமா? நாம் என்ன மரமா வெட்டப்போகிறோம்?

வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். ஊருக்கும் ஊருக்கும் இடையே மக்கள் நடக்கும் பாதை, கோயிலுக்குச் செல்லும் பாதை, வனத்துறை திறந்துவைத்திருக்கும் பாதை ஆகிய மூன்றைத் தவிர வேறெதிலும் விசாரிக்காமல் காலெடுத்து வைக்கக் கூடாது.

இதைக் கெடுபிடியாகக் கருதுபவர்களுக்கு நான் குரங்கணியை நினைவூட்டுவதுண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத் தீயில் சிக்கி மலையேற்றத்துக்கு வந்தவர்கள் 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல் நிறைந்த சரிவில், காற்று வீசும் பிற்பகலில், தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதர்களால் ஓட முடியாது. அதன் பிறகே அந்த ஆண்டிலேயே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கான தனி விதிகள் வந்தன. யார் எந்தப் பாதையில் எத்தனை பேராகச் சென்றிருக்கிறார்கள் என்பது வனத்துறைக்குத் தெரிந்திருந்தால்தான், ஆபத்து வேளையில் தேடவாவது முடியும்.

'ட்ரெக் தமிழ்நாடு' என்று அரசே நடத்துகிறதாமே, அந்தப் பாதைகளுக்குப் பஸ்ஸில் போய்ச் சேர முடியுமா?

2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு வனத்துறை தொடங்கிய திட்டம் அது. இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகளைப் பிரித்திருக்கிறார்கள். பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் உடன் வருவார்கள், அவர்களில் பலர் அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்கள். முன்பு சொன்ன ஏலகிரி சுவாமிமலை, கோத்தகிரிக்கு அருகிலுள்ள லாங்வுட் சோலை, வட்டக்கானல் – வெள்ளகவி, குரங்கணி – சாம்பலாறு ஆகியவை பேருந்தில் வருபவர்களுக்கு ஏற்றவை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு அடிக்கடி வண்டி உண்டு; அங்கிருந்து லாங்வுட் சோலை சில கிலோமீட்டர்தான்.

சிக்கல் ஒன்று உண்டு. நடை காலையிலேயே தொடங்குவதால், முதல் பேருந்தைப் பிடித்தாலும் பல இடங்களுக்கு நேரத்தில் சென்று சேர முடியாது. முந்தைய இரவே கோத்தகிரியிலோ போடியிலோ கொடைக்கானலிலோ தங்கிவிடுவதாகக் கணக்கிட்டுக்கொண்டு பதிவு செய்யுங்கள். தீப்பருவத்தில் இந்தப் பாதைகள் மூடப்படும் என்பதையும் கவனிக்க வேண்டும். 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியிருந்தார்கள்.

வெள்ளியங்கிரிக்கு எப்போது போகலாம்? உண்மையிலேயே அவ்வளவு கடினமா?

வழக்கமாகப் பிப்ரவரி முதல் மே வரைதான் பக்தர்களை ஏறவிடுகிறார்கள். மற்றப் பாதைகள் தீப்பருவத்துக்காக மூடியிருக்கும்போது இது மட்டும் எப்படித் திறந்திருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. இது மரபான வழிபாட்டுப் பாதை என்பதால் அதற்கென்று தனி ஏற்பாடும் கண்காணிப்பும் இருக்கின்றன. மலைமேல் தீ மூட்டுவதோ புகைபிடிப்பதோ எந்த நிலையிலும் கூடாது.

கோவையிலிருந்து பேரூர், ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம் வழியாகப் பூண்டிக்குப் பேருந்து செல்கிறது. மாலை வண்டியில் சென்று, அடிவாரக் கோயிலில் வணங்கி, இரவில் ஏறி, அடுத்தடுத்த ஏழு மலைகளில் கடைசியான ஏழாம் மலையில் சூரிய உதயம் கண்டு, வெயில் ஏறுவதற்குள் இறங்கத் தொடங்கி, பிற்பகல் வண்டியில் கோவை திரும்புவது பலரும் பின்பற்றும் முறை. பேருந்துப் பயணிக்கு இது இயல்பாகவே பொருந்துகிறது. அடிவாரத்தில் மூங்கில் தடி விற்பார்கள். கட்டாயம் ஒன்று வாங்குங்கள். முதல் மலையின் உயரமான கற்படிகளில் அதன் அருமை தெரியாது. திரும்பும்போது, வழுக்குப் பாறையில் ஒரு காலை ஊன்றி மறுகாலை எங்கே வைப்பது என்று தடுமாறும் நொடியில் தெரியும். கைதட்டிச் சுனையிலும் ஆண்டிச் சுனையிலும் தண்ணீர் கிடைக்கும் என்றாலும், கோடை முற்றும்போது அதை மட்டுமே நம்பி ஏறக் கூடாது. ஏழாம் மலையில் விடியற்காலைக் குளிர் கடுமையாக இருக்கும். வியர்த்த சட்டையோடு உட்கார்ந்தால் உடல் நடுங்கும் என்பதால் மாற்றுச் சட்டை ஒன்று அவசியம்.

கடினம் என்று சொல்வது மிகை என்று எண்ணிவிட வேண்டாம். 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் ஏறியவர்களில் பலர் மூச்சுத் திணறியும் நெஞ்சு வலித்தும் உயிரிழந்தார்கள். இதய நோய், ஆஸ்துமா, கட்டுப்படாத சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது. 'வேண்டுதல், எப்படியாவது ஏறியே தீருவேன்' என்று சொல்பவர்களிடம், முதல் மலையிலேயே நெஞ்சு இறுகினால் அங்கிருந்தே கும்பிட்டுவிட்டு இறங்குமாறு நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

சதுரகிரிக்கும் பர்வதமலைக்கும் எந்த நாளிலும் போகலாமா?

அனுமதி நாட்களும் நேரங்களும் இரண்டு இடங்களிலும் அவ்வப்போது மாறுகின்றன. கிளம்பும் வாரத்தில் கேட்டுக்கொள்வதே முறை. சதுரகிரி ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. காலையில் குறித்த நேரத்துக்குள் அடிவாரத்தில் உள்ள தாணிப்பாறை வாயிலைக் கடக்க வேண்டும். மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். மேலே இரவு தங்க விடமாட்டார்கள். மழை வந்தால் வாயிலை அடைத்துவிடுவார்கள். பாதை ஓடைகளைக் குறுக்கே கடந்து செல்வதுதான் காரணம். 2015 மே மாதம் திடீரெனப் பெருகிய வெள்ளத்தில் பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். மேலே பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது; ஓடையில் நீர் கலங்கி, சருகுகள் மிதந்துவரத் தொடங்கினால் உடனே கரையேறிவிட வேண்டும்.

பர்வதமலை சங்கப் புலவர்கள் நவிரமலை என்று பாடிய மலை. தென்மாதிமங்கலம் பக்கமும் கடலாடி பக்கமும் பாதைகள் உண்டு. உச்சிக்கு அருகில் பாறையில் அடித்த இரும்புக் கடப்பாறைகளையும் சங்கிலியையும் பிடித்து ஏற வேண்டிய இடம் வருகிறது. உயரத்தைக் கண்டு தலைசுற்றுபவர்கள் அதற்குக் கீழேயே நின்றுகொள்ளலாம். ஈரமான நாளில் யாருமே அதில் ஏறக் கூடாது.

கொல்லிமலையில் எழுபது வளைவாமே? பஸ்ஸில் வாந்தி வராமல் போக முடியுமா?

அடிவாரமான காரவள்ளியிலிருந்து மேலே செல்ல எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் இருக்கையில் அமர்ந்து, கைபேசியைப் பையில் வைத்துவிட்டு, சாலையையே பார்த்துக்கொண்டு வந்தால் பெரும்பாலோர்க்கு ஒன்றும் ஆவதில்லை. வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. மாத்திரை போடுவதாக இருந்தால், அது தூக்கத்தைத் தரும் என்பதை நினைவில் வையுங்கள். இறங்கியதும் நடக்க வேண்டியவர் நீங்கள்.

அறப்பளீஸ்வரர் கோயில் வரை செல்லும் வண்டியில் ஏறினால், கோயிலிலிருந்தே ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குகின்றன. இங்கே கணக்கு தலைகீழ்: முதலில் இறக்கம், பிறகு ஏற்றம். அருவியில் குளித்துக் களைத்த உடலோடு அத்தனை படிகளையும் ஏறித்தான் வண்டியைப் பிடிக்க வேண்டும். கடைசி வண்டிக்குப் பின்னோக்கிக் கணக்கிடும்போது, இங்கு மட்டும் திரும்பும் நேரத்தை இரு மடங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறிய வழியிலேயே இறங்கித்தான் ஆக வேண்டுமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பேருந்தில் செல்பவருக்கு மட்டுமே கிடைக்கும் பெரும் வசதி இதில்தான் இருக்கிறது. காரை ஓரிடத்தில் நிறுத்தியவர் அதே இடத்துக்குத் திரும்பியாக வேண்டும். நாமோ ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி, அங்கே வரும் வேறொரு வண்டியில் வீடு திரும்பலாம். பர்வதமலையில் தென்மாதிமங்கலத்தில் ஏறிக் கடலாடியில் இறங்கலாம். கொல்லிமலையின் மறுபக்கத்தில், திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையிலிருந்து மேலே வரும் பழைய நடைபாதை உண்டு. புளியஞ்சோலைக்குத் துறையூரிலிருந்து பேருந்து இருக்கிறது. இந்தப் பாதை திறந்திருக்கிறதா என்பதை முன்கூட்டியே வனத்துறையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கொடைக்கானலில் இருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் பாதைதான் இவற்றில் தலையானது. மோட்டார் சாலை வருவதற்கு முன்பு மக்கள் கொடைக்கானலுக்கு ஏறிய பழைய வழிகள் இந்தச் சரிவில்தான் இருந்தன. வெள்ளகவியில் வீடுகளுக்கு நடுவே ஏராளமான கோயில்கள் இருப்பதால், ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. நீங்களும் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். சோலைக்காட்டின் குளிரில் தொடங்கி, காப்பித் தோட்டங்களைக் கடந்து, கும்பக்கரையின் வெக்கையில் முடியும் இந்த நடையில் முழங்கால்களுக்குத்தான் சோதனை. நடந்து முடித்தால் அருகிலுள்ள பெரியகுளத்தில் தேனிக்கும் மதுரைக்கும் வண்டிகள் தாராளமாகக் கிடைக்கும். 'ட்ரெக் தமிழ்நாடு' பற்றிய விடையில் சொன்ன முன்பதிவு இதற்கும் பொருந்தும்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும் என்கிறார்கள். பஸ்ஸில் போனாலுமா?

வேண்டாம். சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் வெளியிலிருந்து வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது; அரசுப் பேருந்தில் செல்பவர்களுக்கு அது தேவையில்லை. மலைச்சாலையில் வண்டிகளின் எண்ணிக்கை குறைய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஆணையே பிறந்தது.

தண்ணீர் பாட்டிலைக்கூடப் பிடுங்கிக்கொள்கிறார்களே?

நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால், பேருந்துகளிலும் சோதனை நடக்கிறது. எவர்சில்வர் பாட்டில் கொண்டுசென்றால் எந்த மலையிலும் சிக்கல் இல்லை. வெள்ளியங்கிரி வாயிலில் பைகளைத் திறந்து பார்ப்பார்கள் என்பதால், தின்பண்டங்களைப் பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுபோகாமல் டப்பாவில் மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் நல்லது? மழைக்காலத்தில் பசுமையாக இருக்குமே?

எல்லா மலைகளுக்கும் ஒரே விடை கிடையாது. நீலகிரி உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரும்பகுதிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கொல்லிமலை, ஏலகிரி, சிறுமலை, பர்வதமலை போன்ற கிழக்கு மலைகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையையும் கணக்கில் கொள்ள வேண்டும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை இரண்டு பக்கமும் நடப்பதற்கு ஏற்றது. மழைக்காலத்தில் அட்டை கடிப்பதைவிட, மண்சரிவால் சாலை அடைபட்டுப் பேருந்து நின்றுபோவதே நமக்குப் பெரிய இடர்.

பெண்கள் தனியாகப் போகலாமா? டிக்கெட் இலவசம்தானே?

பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் 2021-இல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் தொடங்கியது. எல்லா மலை வண்டிகளும் அந்த வகையில் வருவதில்லை. ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுவிடுவது நல்லது. பேருந்தைப் பொறுத்தவரை தனியாகச் செல்வதில் தயங்க ஒன்றுமில்லை. காட்டுப் பாதையில் மட்டும், ஆணாயினும் பெண்ணாயினும், தனியாக நடக்க வேண்டாம்; கால் பிசகினால் செய்தி சொல்ல ஓர் ஆள் வேண்டும், பல சரிவுகளில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது. வழிகாட்டியோடு செல்லும் முன்பதிவுப் பாதைகளே தனியாக வரும் பெண்களுக்கு நான் பரிந்துரைப்பவை. சில கோயில் மலைகளில் பெண்கள் ஏறுவது குறித்து மரபுக் கட்டுப்பாடுகள் உண்டு என்பதால், அடிவாரத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயரைச் சரியாகத்தான் சொன்னேன், வேறு ஊருக்கு வழி சொல்லிவிட்டார்களே?

ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதால் வரும் தொல்லை இது. பூண்டி வெள்ளியங்கிரி அடிவாரத்திலும் உண்டு, நீர்த்தேக்கத்தோடு திருவள்ளூர் பக்கத்திலும் உண்டு, கொடைக்கானல் மேல்மலையிலும் உண்டு. செம்மேடு பூண்டி செல்லும் வழியிலும் இருக்கிறது, கொல்லிமலையின் தலைமையிடமும் அதுவே. ஏலகிரி அடிவாரப் பொன்னேரி வேறு, சென்னைக்கு வடக்கே உள்ள பொன்னேரி வேறு. மலையின் பெயரையும் சேர்த்தே கேளுங்கள்.

பொதிகைமலை ஏற ஆசை. அதற்கும் பஸ் உண்டா?

உண்டு, ஆனால் கேரளத்தின் வழியாக. அகத்தியர் மலை எனப்படும் 1,868 மீட்டர் உயர முகட்டுக்கான நடை திருவனந்தபுரம் மாவட்டத்துப் போனக்காட்டில் தொடங்குகிறது. அங்கே கேரள அரசுப் பேருந்து செல்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான பருவத்தில் கேரள வனத்துறை நாளொன்றுக்கு வரம்பிட்ட எண்ணிக்கையில்தான் பதிவு தரும் என்பதால், அறிவிப்பு வந்தவுடனே பதிய வேண்டும். போனக்காட்டுக்கு வண்டிகள் குறைவு. முந்தைய நாளே திருவனந்தபுரம் வந்து, நேரத்தை மேலே சொன்னபடி பேருந்து நிலையத்திலேயே விசாரித்துக்கொண்டு, மறுநாள் விடியற்காலை வண்டியில் ஏறிவிடுங்கள்.